அருங்காட்சியகப் படங்களில் பார்வையாளர் இடம்பெற்ற வரலாறு

கலை அருங்காட்சியகங்களுக்குள் கேமரா நுழைந்து ஏறத்தாழ 170 ஆண்டுகள் ஆகின்றன என்றாலும், அங்கு வரும் பார்வையாளரை அவர் அறியாத நிலையில் இயல்பாகப் படம்பிடிக்கும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. இந்தத் தாமதத்துக்கான காரணங்களுள் முதன்மையானது ஒளி.

லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1850களில் ரோஜர் ஃபென்டனையும், இன்று விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகம் என அறியப்படும் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் 1856இல் சார்லஸ் தர்ஸ்டன் தாம்சனையும் புகைப்படப் பணிக்கு அமர்த்தியபோது, சேகரிப்பில் உள்ள பொருள்களுக்குத் துல்லியமான படிகளை உருவாக்குவதே நோக்கமாக இருந்தது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப், சென்னை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்த அமராவதிச் சிற்பங்களை 1858இல் படமெடுத்ததும் இதே நோக்கில்தான். அக்காலத்தில் பரவலாக இருந்த ஈரக் கொலோடியன் முறையில், வேதிப்பூச்சு பூசிய கண்ணாடித் தகட்டை ஈரம் காயுமுன் ஒளிபட வைத்துக் கழுவ வேண்டும். கட்டடத்துக்குள் கிடைக்கும் மங்கிய ஒளியில் லென்ஸைப் பல நிமிடங்கள் திறந்து வைக்க நேர்ந்ததால், அசையாத சிற்பம் தெளிவாகப் பதிந்தது. அதைக் கடந்து நடந்தவர் தடயமின்றி மறைந்துபோனார்.

ஜெர்மனியில் 1924இல் வெளிவந்த எர்மனாக்ஸ் என்னும் சிறிய கேமராவின் எஃப் 2 லென்ஸ், அதாவது மிகுந்த ஒளியை உள்ளே விடும் அகன்ற துளை கொண்ட லென்ஸ், இந்நிலையை மாற்றத் தொடங்கியது. அதைக் கொண்டு எரிக் சாலமன் நீதிமன்றங்களிலும் அரசியல் மாநாடுகளிலும் எவரும் அறியாமல் படமெடுத்துப் புகழ்பெற்றார். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனிக் கண்ணாடித் தகடு மாற்ற வேண்டியிருந்தது. ஆஸ்கர் பார்னாக் வடிவமைத்து 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா, 35 மி.மீ. திரைப்படச் சுருளையே பயன்படுத்தியதால், ஒரே ரோலில் 36 படங்கள் வரை தொடர்ந்து எடுக்கவும், கேமராவைக் கைக்குள் அடக்கிக்கொள்ளவும் வழி பிறந்தது. கோடாக் நிறுவனம் 1954இல் 35 மி.மீ. வடிவில் கொண்டுவந்த ட்ரை-எக்ஸ் என்னும் அதிவேகக் கறுப்புவெள்ளை பிலிம் எஞ்சிய தடையையும் பெருமளவு தளர்த்தியது.

பல அருங்காட்சியகங்கள், கலைப்பொருளைக் காக்கவும் பிறருக்கு இடையூறு நேராதிருக்கவும் ஃபிளாஷ் விளக்கைத் தடை செய்கின்றன. நீர்வண்ண ஓவியங்களுக்கு 50 லக்ஸ், எண்ணெய் ஓவியங்களுக்கு 200 லக்ஸ் என்னும் அளவில் ஒளியைக் கட்டுப்படுத்துவதும் பொது வழக்கம். 200 லக்ஸ் ஒளியில் 400 வேகப் பிலிமும் எஃப் 2 துளையும் இருந்தால் ஷட்டரை ஏறத்தாழ நொடியில் 60இல் ஒரு பங்கும், 50 லக்ஸில் 15இல் ஒரு பங்கும் திறந்தால் போதும். இரண்டாவது வேகத்தில் நடப்பவர் உருவம் கலங்கிவிடும் என்றாலும், ஓவியத்தின் முன் தம்மை மறந்து நிற்பவர் தெளிவாகப் பதிவார் என்பதால், பார்வையில் ஆழ்ந்தவரையே தேடும் இக்கலைக்கு அந்த மங்கிய ஒளி ஓரளவு துணையாகவும் அமைந்தது.

இவ்வகைப் படங்களுக்குப் பெயர்பெற்றவர் எலியட் எர்விட். மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் 1995இல் அவர் எடுத்த படத்தில், ஒரே பெண்ணை ஆடையுடனும் ஆடையின்றியும் கோயா வரைந்த இரு ஓவியங்கள் அருகருகே தொங்குகின்றன. ஆடையற்ற ஓவியத்தின் முன் ஆண்கள் திரண்டிருக்க, ஆடையணிந்த ஓவியத்தின் முன் ஒரே ஒரு பெண் நிற்கிறார். அனைவரும் முதுகைக் காட்டி நின்றபோதிலும் அவர்கள் மனம் போன திசை ஐயமின்றித் தெரிகிறது. பிரேசில் நாட்டவரான அலேசியோ டி ஆண்ட்ராடே, பாரிஸின் லூவ்ரில் 1964 முதல் 2003இல் தாம் மறையும்வரை பார்வையாளரையே படமெடுத்து, சுமார் 12,000 படங்களை விட்டுச்சென்றார்.

கைபேசி பரவிய பின் நிறுவனங்களின் விதிகள் பலமுறை மாறின: பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகம் 2010இல் விதித்த படத்தடையை 2015இல் நீக்கியது, லண்டன் நேஷனல் கேலரி 2014இல் அனுமதி அளித்தது. இசைவு கேளாமல் ஒருவரைப் படமெடுப்பது முறையா என்னும் கேள்வி இன்றும் தீரவில்லை. அதை எளிதில் ஒதுக்கிவிடவும் இயலாது. ஆயினும், ஓவியங்களைப் பற்றிய விவரங்கள் பட்டியல்களில் நிறைந்திருக்க, அவற்றின் முன் மக்கள் எவ்வாறு நின்றார்கள் என்பதற்கு இந்த நெகட்டிவ்களை விடச் சிறந்த சான்று இல்லை. எனவே கலைப்பொருளுக்கு இணையாக இவற்றையும் ஆவணமாகப் பேணுவது அருங்காட்சியகங்களின் கடமையாகும்.