சூரிய வெப்பத்தால் கடல்நீரைக் குடிநீராக்குதல்

சூரிய வெப்பம், காற்று, கடலலை போன்ற வற்றாத ஆற்றல் மூலங்களைக் கொண்டு கடல்நீரிலும் உவர்நீரிலும் கரைந்துள்ள உப்பை நீக்கும் முறைகளுக்குத் தமிழ்நாட்டில் மிகுந்த தேவையுள்ள பகுதி, ஏறத்தாழ 265 கி.மீ. கடற்கரை இருந்தும் நல்ல நிலத்தடி நீர் வாய்க்காத இராமநாதபுரம் மாவட்டமாகும். திருச்சிராப்பள்ளிப் பகுதியின் காவிரி மணற்படுகையில் ஊறும் நீரே, கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் மூலம் நூறு கி.மீ.க்கும் அப்பாலுள்ள இம்மாவட்டத்துக்குக் குழாய்வழி செலுத்தப்படுகிறது. ஆறு வறண்டாலோ மின்சாரம் தடைப்பட்டாலோ குழாயின் கடைக்கோடி ஊர்களே முதலில் தவிக்கின்றன. ஆதலால் அவ்வூர்களுக்கு அருகிலேயே நீர் ஆக்குவது இன்றியமையாததாகிறது.

கண்ணாடிக் கூரையின் கீழ் உப்புநீரை ஆவியாக்கிக் குளிரவைக்கும் சூரிய வடிகலம் பழமையான முறை. சிலி நாட்டின் லாஸ் சலினாஸில் 1872இலும், குஜராத்தின் பாவ்நகருக்கு அருகிலுள்ள அவானியாவில் 1978இலும் இத்தகைய நிலையங்கள் அமைந்தன. ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வெப்பம் வேண்டியிருப்பதால், அவானியா நிலையம் நாளொன்றுக்கு 5,000 லிட்டர் தருவதற்கே ஏறத்தாழ 1,870 சதுர மீட்டர் பரப்பு தேவைப்பட்டது.

இராமநாதபுரம் மாவட்டத்தில் மன்னார் வளைகுடாக் கரையிலுள்ள நரிப்பையூரில், பாரத மிகுமின் நிறுவனம் (பெல்) 1990களின் இறுதியில் நாளொன்றுக்கு 38 இலட்சம் லிட்டர் ஆக்கும் எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) நிலையத்தை அமைத்தது. கடல்நீரை 50 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேல் அழுத்தி நுண்சவ்வின் வழியே செலுத்தும் இம்முறைக்கு மின்சாரமே உயிர்நாடியாகும். அதே ஊரில் சென்னை ஐ.ஐ.டி.யும் எம்பீரியல் கே.ஜி.டி.எஸ். நிறுவனமும் இணைந்து, நாளொன்றுக்கு 20,000 லிட்டர் தரும் முன்னோக்குச் சவ்வூடு பரவல் நிலையத்தைச் செயல்விளக்கமாக நிறுவியதை மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2021இல் அறிவித்தது. இதில் சவ்வின் மறுபுறம் கடல்நீரைவிடச் செறிவான கரைசல் வைக்கப்படுவதால் நீர் மிகக் குறைந்த அழுத்தத்திலேயே தானாகக் கடந்து செல்கிறது. பின்னர் அக்கரைசலிலிருந்து நன்னீரைப் பிரிக்கச் சூரிய வெப்பம் பயன்படுகிறது. 10,000 பேருக்கு ஆளுக்கு 2 லிட்டர் என்பதே இதன் இலக்கு. குளிக்கவும் துவைக்கவும் இது போதாது என்றாலும், பருகும் நீருக்காகக் குடத்தோடு காத்திருக்கும் சிற்றூருக்கு இச்சிறு அளவே பெரும் விடுதலையாகும்.

எம்முறையானாலும் எஞ்சும் செறிவுப்புநீரை எங்கே விடுவது என்பது தீராத சிக்கல். அதைக் கடலில் விட்டால் பாதிக்கப்படக்கூடிய பவளப்பாறைகளும், அவை சூழ்ந்த, 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளும் மன்னார் வளைகுடாவிலேயே உள்ளன.