எருமைக்காக மாண்டவனும் சாவா மூவாப் பேராடுகளும்

தென்னிந்தியாவின் முற்கால இடைக்காலம் என்றதும் நம் பாடநூல்கள் ஏரியையும் நெல்வயலையும் பிரமதேயத்தையுமே காட்டுகின்றன. கால்நடை வளர்த்தோருக்கு அங்கே இடம் அரிது. விலங்கெலும்பு ஆய்வுகள் பெரும்பாலும் புதிய கற்காலத்தையும் இரும்புக்காலத்தையும் சுற்றியே நடந்திருப்பதும் இதற்கு ஒரு காரணம். ஆனால் எழுத்துப் பொறித்த கற்களோ ஏராளமாக உள்ளன.

கன்னட நாட்டு வீரக்கற்களில் மந்தையைக் குறிக்கும் 'துறு' என்ற சொல்லும், நம் நடுகற்களின் 'தொறு'வும் ஒரே வேரின. தொறுவை மீட்டுப் பட்டவர்களின் கற்கள் செங்கம் வட்டாரத்தில் மட்டுமே பல. இவற்றை வெட்சித்திணையின் எதிரொலி என்று இலக்கிய அன்பர்கள் எளிதில் கடந்துவிடுகிறார்கள். எடுத்தனூர் நடுகல் அதற்கு இடங்கொடுப்பதில்லை. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் கருந்தேவகத்தி என்பவன் உயிர்விட்டது தன் எருமைகளுக்காக. திணைமரபு பாடுவது ஆநிரையை. இக்கல் சொல்வது ஒருவனுடைய உடைமையை. (கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற அவனது நாய்க்கும் அக்கல்லில் உருவமும் பெயரும் உண்டு.)

அந்த எருமையின் மதிப்பென்ன? நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகள் கணக்கையே தருகின்றன. ஒரு நந்தாவிளக்குக்கு நாள்தோறும் உழக்கு நெய் அளக்க 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். ஓர் எருமை மூன்று பசுவுக்கும் ஆறு ஆட்டுக்கும் ஈடு. எருமைப்பாலில் கொழுப்பு மிகுதி என்பது ஓரளவே விளக்கம்; அந்த வேறுபாடு இரு மடங்கைத் தாண்டுவது அரிது. அக்காலப் பசு கறந்த பாலே குறைவு என்று கொள்ள வேண்டியிருக்கிறது. உழவுக்கும் வண்டிக்கும் காளை ஈனுவதே பசுவின் முதற்பணியாக இருந்திருக்கும் என்பது என் கருத்து. அப்படியானால் நெல்வயலின் வரலாறும் தொழுவத்திலிருந்தே தொடங்குகிறது.

'சாவா மூவாப் பேராடு' என்ற தொடரையும் பக்திச் சொல்லாக மட்டும் படித்தல் தகாது. ஆடுகள் சாகும், மூக்கும். எண்ணிக்கை மட்டும் குறையக்கூடாது. இழப்பை ஈடுசெய்யும் பொறுப்பு, பெயரும் ஊரும் சுட்டி ஒப்படைக்கப்பட்ட இடையனுடையது. வட்டி நெய்யாக வரும் முதல் அது. முதலுக்கு மேற்பட்ட குட்டியும் கிடையெருவும் அவனுக்கே எஞ்சியிருக்கக்கூடும். கோயிற் பொருளியல் எழுதுவோர் கொடையாளியின் பெயரை எடுத்துக்கொண்டு, அடுத்த வரியில் நிற்கும் இந்த இடையனை விட்டுவிடுகிறார்கள்.