சீனத் துறைநகரில் சிவாலயம்

சீனத்தின் தென்கீழ்க் கடற்கரையிலுள்ள சுவான்சௌ, தாங் மரபினர் ஆட்சியில் கி.பி. 711-இல் அப்பெயர் பெற்ற கோட்டத்திற்குத் தலைநகராய் விளங்கியது. சொங் மரபினர் 1087-இல் அங்கே கடல்வாணிக அலுவலகம் நிறுவினர். அயல்நாட்டு மரக்கலங்களை ஆய்ந்து சுங்கங் கொள்வது அதன் கடமை. பின்வந்த மங்கோலியரும் அம்முறையைப் போற்றினர்.

குப்லாய்கான் காலத்தே, 1281-இல், சம்பந்தப்பெருமாள் என்னும் அடியவர் கானின் ஆணை பெற்று, அவன் திருமேனி நலமுறச் சிவபெருமானை எழுந்தருளுவித்தார். அங்குக் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு இதனைக் கூறும். வேற்றுச் சமயத்து வேந்தனும் ஆலயத்திற்கு இசைவளித்தான் என்பது எண்ணத்தக்கது.

மிங் மரபினர் 15-ஆம் நூற்றாண்டில் அவ்வலுவலகத்தைப் பூச்சௌவிற்கு மாற்றினர். ஆலயமும் அழிந்தது. ஆயினும் அந்நகரத்து இந்துக் கோயிற்றூண்கள் கையுவான் பௌத்தப் பள்ளியில் இன்றும் நிற்கின்றன. அரசுகள் மாறின, அலுவலகம் பெயர்ந்தது, திருப்பணி செய்தார் பெயரோ கல்லில் நிலைத்தது.