செண்பகத்தோப்பில் இரவல் சட்டங்கள்: திருத்தும் உரிமை பற்றி ஓர் ஆய்வு

சட்டத்தையும் கட்டற்ற மென்பொருளைப்போல எவரும் எடுத்தாளலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குத் தரலாம் என்ற வாதம் புதிதுபோல் ஒலிக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் செண்பகத்தோப்புக் காட்டின் சட்டங்களைப் புரட்டினால், இரவல் வாங்கி மாற்றிக்கொள்வது நமக்குப் பழைய பழக்கம் என்று தெரியும். கேள்வி, மாற்றும் உரிமை யாரிடம் நிற்கிறது என்பதே.

1878ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வரவில்லை. காட்டின்மீது ஊர்களுக்கு வழிவழியாக உள்ள உரிமைகளைச் சுட்டி வருவாய் வாரியம் மறுத்தது. அன்றைய இந்திய வனத்துறைத் தலைமை அதிகாரி பிராண்டிஸ் வந்து ஆய்ந்தபின் 1882இல் மாகாணத்துக்கென்று தனிச் சட்டம் பிறந்தது. பின்னாளில் கேரளம் 1961இலும் ஆந்திரம் 1967இலும் சொந்த வனச் சட்டங்கள் இயற்றிக்கொண்டன. தமிழ்நாடு பெயரை மாற்றிப் பழையதையே வைத்துக்கொண்டது.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கதை இதற்கு நேர்மாறு. அன்று வனவிலங்கு மாநிலப் பட்டியலில் இருந்தது. மாநிலங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டதால் அரசியலமைப்பின் 252ஆம் உறுப்பின்படி நாடாளுமன்றம் அதை இயற்றியது, தமிழ்நாடும் ஏற்றது. ஆனால் அவ்வுறுப்பின் இரண்டாம் கூற்றின்படி, ஏற்ற மாநிலம் அதைத் தானே திருத்த முடியாது. எடுத்துக்கொள்ளலாம், கைவைக்கக் கூடாது! (1976இன் 42ஆம் திருத்தம் வனவிலங்கைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது வேறு கதை.) செண்பகத்தோப்பை உள்ளடக்கிய சாம்பல் நிற அணில் சரணாலயம் 1988இலும், மேகமலையோடு இணைந்த புலிகள் காப்பகம் 2021இலும் இச்சட்டத்தின்கீழ் வந்தன.

மென்பொருள் பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். சட்டத்தை அப்படி விட முடியாது. ஆகவே சட்டத்துக்கு உட்படுவோரின் திருத்தும் உரிமை மென்பொருள் பயனரின் உரிமையைவிட வலுவாக இருக்க வேண்டும் என்பது என் வாதம். ஊருக்கு ஊர் விதி மாறினால் காடு அழியும் என்பார்கள். 2006 வன உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு இதற்கு விடை வைத்திருக்கிறது: கிராம சபை காட்டையும் விலங்கையும் காப்பதற்காக முடிவெடுக்கலாம், அழிப்பதற்காக அல்ல. திருத்தலாம், ஆனால் காப்பை இறுக்கும் திசையில் மட்டும். தமிழ்நாட்டில் இச்சட்டத்துக்கும் தடங்கல் வந்தது. 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால், நீதிமன்ற அனுமதியின்றி உரிமைப் பத்திரம் வழங்க முடியாமல் போனது. 2016இல்தான் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. செண்பகத்தோப்பில் வாழும் பழங்குடியினரான மலைப்பளியருக்கு இவ்வாறு எட்டு ஆண்டுகள் கழிந்தன.

சட்டத்தைப் பரப்பும் உரிமையிலும் ஒரு வேடிக்கை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, ஒரு சட்டத்தை வெளியிடுவோர் உரையோ வேறு சொந்த ஆக்கமோ சேர்த்தால்தான் பதிப்புரிமை மீறலாகாது. அரசு வெளியிடாத மொழிபெயர்ப்பை யாரும் செய்யலாம். அது அரசு ஏற்றதல்ல என்று கண்ணில்படும் இடத்தில் அச்சிட வேண்டும். சட்டத்தை மதித்து நடக்கச் சொல்லும் அரசு, அதைப் பரப்புவோரிடம் இத்தனை நிபந்தனை விதிப்பது பொருத்தமாக இல்லை.

கிராம சபை முடிவுகளையும் அரசிதழ் அறிவிக்கைகளைப்போலத் தேதியிட்டு, எதிலிருந்து எடுத்தது, எதை மாற்றியது என்ற குறிப்போடு வெளியிட வேண்டும். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்து மெண்டா லேகா, 2009இல் சமுதாய வன உரிமை பெற்று, 2011இல் மூங்கிலை எடுத்துச்செல்லும் அனுமதிச் சீட்டைத் தன் கிராம சபை வழியாகவே வழங்கும் நிலைக்கு வந்தது. அந்த ஊரின் நடைமுறை விதிகள் தமிழில் கிடைத்தால், செண்பகத்தோப்புப் பளியர் மூங்கில் என்ற இடத்தில் தேன் என்று எழுதித் தொடங்கலாம்.