மீகாமனும் பொறியும்

திருகோணமலைத் துறைமுகத்தினுள் கலத்தைச் செலுத்திவரும் மீகாமன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். அவன் கண் கரையையும் அலையையும் காண்கிறது. அறிவு இன்னது செய்க எனத் துணிகிறது. கை சுக்கானைத் திருப்புகிறது. கலம் திரும்பியதும் கண் மீண்டும் காண்கிறது. நீருள் மறைந்த பாறையையோ அவன் நினைவினால் விலக்குகிறான். காண்டல், துணிதல், செய்தல் ஆகிய மூன்றும் ஓயாது சுழலும் இவ்வட்டத்தைத் தானே நடத்தவல்ல பொறியையே செயற்கை நுண்ணறிவுத் துறையினர் 'நுண்ணறிவு முகவர்' என்பர்.

இவ்வட்டத்தின் அருமையை 1942ஆம் ஆண்டு இத்துறைமுகம் கண்டது. ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பின்மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. 8ஆம் நாள், பகைக் கப்பற்படை திருகோணமலையை அணுகுவதை ரோந்து விமானம் ஒன்று கண்டறிவித்தது. துறைமுகத்திலிருந்த கப்பல்கள் கடலுக்கு அனுப்பப்பட்டன. மறுநாட் காலை, வரும் விமானங்களை ராடார் முன்னரே உணர்ந்தது; சீனன்குடாவிலிருந்து ஹரிக்கேன் விமானங்கள் எதிர்த்தெழுந்தன. ராடார் கண்ணாயிற்று, படைத்தலைவர் துணிவு அறிவாயிற்று, விமானங்களும் பீரங்கிகளும் கைகளாயின. துறைமுகத்தைக் காப்பதே நோக்கம்.

ஆயினும், வெளியேறிய கப்பல்களுள் ஒன்றான 'ஹெர்மீஸ்' என்னும் விமானந்தாங்கி, அன்று துறைமுகம் நோக்கித் திரும்புகையில், மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அதில் அப்போது ஒரு விமானமும் இல்லை. உதவி விமானங்கள் சென்றடையுமுன் காலம் கடந்துவிட்டது. 307 பேர் மாண்டனர்.

அக்கப்பலை வெளியே அனுப்பியது தவறா? அன்று அறிந்தவற்றைக் கொண்டு நோக்கின், குண்டு விழவிருக்கும் துறையில் அதனை நிறுத்தி வைப்பதே பேதைமையாகும். அறிவுடைச் செயல் வேறு, முற்றறிவு வேறு. கிடைத்த செய்தியையும் குறித்த நோக்கத்தையும் கொண்டு, நற்பயன் மிகுதியாக எதிர்பார்க்கத்தக்க வழியைத் தேர்வதே முகவரின் இலக்கணம். விளைவு ஒன்றை மட்டும் வைத்து அதனை அளத்தல் முறையன்று. ஆனால் ஒருமுறை துணிந்ததோடு கடமை முடிவதில்லை. புதிய செய்தி வருந்தோறும் மீண்டும் துணிதல் வேண்டும். செய்தி பிந்தினாலும், கை பிந்தினாலும், அறிவு பயன்படாது.

அதே போர்க்காலத்தில் அமெரிக்காவில் நோர்பர்ட் வீனர் என்னும் கணித அறிஞர், பறக்கும் விமானம் அடுத்த நொடியில் எங்கிருக்கும் எனக் கணித்துப் பீரங்கியைத் திருப்பும் பொறியை ஆராய்ந்தார். அப்பொறி போர்க்களம் புகவில்லை, அச்சிந்தனையோ நிலைத்தது. 1948இல் அதனை விரித்து நூலொன்று எழுதி, அத்துறைக்குச் 'சைபர்னெட்டிக்ஸ்' எனப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் மீகாமனைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது! 'செயற்கை நுண்ணறிவு' என்னும் பெயர் 1956இல் டார்ட்மத் கல்லூரியில் நடந்த ஆய்வுக் கூட்டத்தால் நிலைபெற்றது. 1995இல் ரசல், நோர்விக் என்னும் இருவர் எழுதிய பாடநூல், முகவர் என்னும் கருத்தையே அத்துறைக்கு அச்சாணியாக்கியது.

இன்று பொறிகள் காண்கின்றன, துணிகின்றன, செய்கின்றன. எனினும், கலம் எத்துறையை அடைய வேண்டும் என்பதைப் பொறி தானே வகுத்துக்கொள்வதில்லை. நாமே அதற்கு வகுத்தளிக்கிறோம். நோக்கம் பிழைத்தால், கூரிய கண்ணும் விரைந்த கையும் கலத்தைப் பாறைக்கே விரைவாகக் கொண்டு சேர்க்கும் அன்றோ?