இராகலைப் புகையிரதப் பாதை: ஒரு வரலாற்றுக் குறிப்பு

பூண்டுலோயாவைப் புகையிரதம் என்றுமே எட்டவில்லை; இங்குள்ளோருக்குத் தலவாக்கலையே நிலையம். நானுஓயாவுக்கு அப்பால், இராகலையிலோ அது வந்து மறைந்தது. மலையகத்துப் போக்குவரத்தை மூலதனத்தின் தேவை எவ்வாறு வகுத்தது என்பதை அறிய இப்பாதை நமக்கு நல்ல சான்றாகும்.

பிரதான பாதை 1885இல் நானுஓயாவை அடைந்தது. அங்கிருந்து நுவரெலியா, கந்தப்பளை ஊடாக இராகலை வரை, இரண்டரை அடி அகலத்தில், ஏறத்தாழ 19 மைல் நீளமான கிளைப்பாதை 1903, 1904ஆம் ஆண்டுகளில் திறக்கப்பட்டது. உடப்புசல்லாவைத் தோட்டங்களின் தேயிலை இறங்கவேண்டும், அரிசியும் உரமும் ஏறவேண்டும். துரைமார் வேண்டியது அவ்வளவே.

செங்குத்தான மலையில் செலவைச் சுருக்கவே ஒடுங்கிய பாதை அமைத்தனர். அச்சிக்கனமே பின்னர் வினையாயிற்று. பிரதான பாதையின் அகலம் ஐந்தரை அடியாதலின், கொழும்புக்குச் செல்லும் தேயிலைப் பெட்டிகளை நானுஓயாவில் இறக்கி வேறு பெட்டிவண்டியில் ஏற்றவேண்டியிருந்தது. (புகையிரத ஆர்வலர் இயந்திரங்களின் இலக்கங்களைக்கூடப் பதிந்துள்ளனர், சுமந்தவர்களைப் பற்றி அவர்கள் எழுதியது மிகச் சொற்பம்.) லொறிக்கோ இத்தொல்லை இல்லை, தொழிற்சாலை வாசலிலேயே அது ஏற்றிக்கொண்டது. 1948க்குள் பாதை முற்றாக மூடப்பட்டது.

அவ்வாண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பில்லை. எனினும் இரண்டிலும் தொழிலாளரைக் கேட்டவர் இல்லை. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட இராகலைக் குடும்பங்கள், தலைமன்னார் செல்லப் புகையிரதம் ஏறுவதற்கு முதலில் தெருவழியே மலையிறங்க வேண்டியிருந்தது.