கைக்கு எட்டாத கைப்பிடி



போன வாரம் அமெரிக்காவிலிருந்து பழைய மாணவன் ஒருவன் அழைத்தான். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து காகித ராக்கெட் விட்டவன் என்றால் கூடப் படித்தவர்களுக்குப் புரிந்துவிடும். இப்போது நிஜமாகவே விமானம் ஓட்ட உரிமம் வாங்கிவிட்டான்.

"சார், ஒருத்தர் வீட்டிலேயே கட்டின சின்ன விமானம் ஒண்ணு விலைக்கு வருது. வாங்கலாம்னு இருக்கேன். ஆசீர்வாதம் பண்ணுங்க" என்றான்.

ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. கூடவே ஒரு வரலாற்றுப் பாடமும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. போனில் சொல்லி முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். விமானம் வாங்காதவர்களும் படிக்கலாம்.

ஜான் டென்வர் என்ற அமெரிக்கப் பாடகரை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 'கன்ட்ரி ரோட்ஸ்' பாட்டைக் கல்லூரி விழாக்களில் கிதாருடன் பாடாத தலைமுறை உண்டா? அவருடைய அப்பா அமெரிக்க விமானப்படையில் விமானி. மகனுக்கும் பறப்பதில் தீராத ஆசை. 1997-ஆம் ஆண்டுக்குள் சுமார் 2,700 மணி நேரத்துக்கு மேல் விமானம் ஓட்டிய அனுபவம் அவருக்கு இருந்தது. அவரைக் கற்றுக்குட்டி என்று யாரும் சொல்ல முடியாது.

அந்த ஆண்டு அவர் 'லாங்-ஈஸி' என்ற சிறு விமானம் ஒன்றை வாங்கினார். இதை வடிவமைத்தவர் பர்ட் ருட்டான். 1986-இல் எங்கும் நிற்காமல், வழியில் எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றிவந்த வாயேஜர் விமானமும் இவர் வடிவமைத்ததுதான். லாங்-ஈஸியில் சிறிய இறக்கை மூக்குப் பக்கம் இருக்கும், உந்துவிசிறி பின்னால் இருக்கும். இது தொழிற்சாலையில் செய்து விற்கப்பட்ட விமானம் அல்ல. ருட்டான் வரைபடங்களை விற்பார். வாங்கியவர்கள் நுரைப்பலகையும் கண்ணாடி இழையும் கொண்டு தங்கள் கொட்டகையிலேயே கட்டிக்கொள்வார்கள்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். ஒரே ஆலையில் வந்த இரண்டு கார்கள் ஒன்றுபோல இருக்கும். வீட்டில் கட்டிய இரண்டு விமானங்கள் அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை. கட்டுகிறவர் தன் யோசனைப்படி ஒன்றை இடம் மாற்றுவார், இன்னொன்றைச் சேர்ப்பார். நம் ஊரில் ஒரே பிளானை வைத்து அண்ணன் தம்பி இருவர் வீடு கட்டினால் சுவிட்ச் ஒரே இடத்திலா இருக்கிறது?

லாங்-ஈஸியில் வலம், இடம் என இரண்டு எரிபொருள் தொட்டிகள். ஒன்று தீர்ந்தால் விமானி ஒரு கைப்பிடியைத் திருப்பி மற்றதற்கு மாற்ற வேண்டும். ருட்டானின் வரைபடத்தில் அந்தக் கைப்பிடி விமானியின் கால்களுக்கு நடுவே, கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. டென்வர் வாங்கிய விமானத்தைக் கட்டியவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். அவர் நோக்கம் நல்லதுதான். எரிபொருள் குழாய் விமானி உட்காரும் அறைக்குள் வரக்கூடாது, தீ ஆபத்து குறையும் என்று நினைத்தார். ஒரு ஆபத்தைத் தடுத்த கை இன்னொன்றுக்குக் கதவு திறந்துவிட்டது.

அந்தக் கைப்பிடியைத் திருப்ப வேண்டுமானால் விமானி ஓட்டும் குச்சியிலிருந்து கையை எடுக்க வேண்டும். தோள் பட்டையைத் தளர்த்த வேண்டும். உடம்பை முழுவதும் இடப்பக்கம் திருப்ப வேண்டும். அப்படித் திரும்பும்போது உடம்பைத் தாங்க வலது கால் தானாகவே முன்னால் ஊன்றும். அங்கே இருப்பதோ சுக்கானின் வலது மிதி! போதாக்குறைக்கு, எந்தப் பக்கம் திருப்பினால் எந்தத் தொட்டி என்று கைப்பிடியில் குறிக்கவில்லை. எரிபொருள் அளவு காட்டும் குழாய்களும் விமானியின் முதுகுக்குப் பின்னால். அவற்றிலும் அளவுக்கோடுகள் இல்லை.

பறப்பதற்கு முதல் நாள் அந்த விமானத்தில் அவர் பெற்ற பயிற்சி ஏறக்குறைய அரை மணி நேரம்.

1997 அக்டோபர் 12, கலிஃபோர்னியாவின் மான்டரே விமான நிலையம். புறப்படுமுன் ஒரு தொழில்நுட்பப் பணியாளருடன் அந்தக் கைப்பிடியைப் பற்றி டென்வர் பேசினார். எட்டுவதற்காக அதில் ஒரு குறடைப் பூட்டிப் பார்த்தார்கள். அப்போதும் எட்டவில்லை. பின்னால் உள்ள அளவைப் பார்க்க அந்தப் பணியாளர் ஒரு சிறு கண்ணாடி கொடுத்தார். தேவைப்பட்டால் தானியங்கியைப் போட்டுவிட்டுத் திரும்பிக்கொள்கிறேன் என்றார் டென்வர். எரிபொருள் நிரப்பட்டுமா என்ற கேள்விக்கு, ஒரு மணி நேரம்தான் பறக்கப்போகிறேன், வேண்டாம் என்றுவிட்டார்.

மூன்று முறை ஓடுபாதையைத் தொட்டு எழும்பிப் பழகினார். பிறகு கடற்கரைப் பக்கம் பறந்தார். மாலை ஐந்தரை மணி வாக்கில், சுமார் 500 அடி உயரத்தில் இயந்திரச் சத்தம் குறைந்ததைக் கரையில் இருந்தவர்கள் கேட்டார்கள். விமானம் வலப்பக்கம் சரிந்து தலைகுப்புறக் கடலில் விழுந்தது. அவருக்கு வயது 53.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. கைப்பிடியைத் திருப்ப முயன்றபோது கவனம் சிதறி, தன்னை அறியாமல் வலது மிதியை அழுத்தியதால் கட்டுப்பாடு போனது என்று முடிவு சொன்னது. எரிபொருள் நிரப்பாததையும் காரணமாகச் சேர்த்தது. கைப்பிடி இருந்த இடம், குறியீடுகள் இல்லாதது, அந்த வகை விமானத்தில் போதிய பயிற்சி இல்லாதது ஆகியவை துணைக் காரணங்கள்.

இதைப் படித்தபோது எனக்கு என் பழைய கதை நினைவுக்கு வந்தது. பத்து வருடம் ஒரே மோட்டார் சைக்கிள் ஓட்டியவன் நான். பெட்ரோல் தீரப்போனால் இடது கை தானாகக் கீழே போய் ரிசர்வுக்குத் திருப்பிவிடும், கண் ரோட்டிலேயே இருக்கும். ஒருநாள் தேர்வுப் பணிக்குப் போக சக ஆசிரியரின் ஸ்கூட்டரை இரவல் வாங்கினேன். பாதி வழியில் வண்டி இழுத்தது. கை வழக்கமான இடத்தில் தேடியது, அங்கே ஒன்றும் இல்லை. குனிந்து பார்த்தேன். அந்த நொடியில் ஹேண்டில்பார் திரும்பிவிட்டது. ரோட்டோர மணல் குவியல் காப்பாற்றியது. கடலுக்கு மேல் மணல் குவியல் ஏது?

புதிதாகக் கற்கிறவனுக்குப் பயம் இருக்கும், கேட்டுக் கேட்டுச் செய்வான். அனுபவசாலிக்குக் கையே எல்லாம் செய்துவிடும். ஆனால் கைக்குத் தெரிந்தது பழைய வண்டிதான். டென்வருக்கு அந்தக் கைப்பிடி எட்டாது என்று தெரியும், தரையிலேயே பார்த்துவிட்டார். இருந்தும் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். 2,700 மணி நேர அனுபவம் கொடுத்த தைரியம் அது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவர் ஒருவர் கதையோடு இது முடியவில்லை. 2011-இல் அமெரிக்காவில் நடந்த இத்தகைய விமானங்களின் 224 விபத்துகளை அதே வாரியம் ஆராய்ந்தது. பாதிக்கும் மேற்பட்டவை தானே கட்டாமல் பிறரிடம் வாங்கிய விமானங்கள். அவற்றில் 14 விபத்துகள் புது உரிமையாளரின் முதல் பறத்தலிலேயே நடந்தவை.

ஆகவே தம்பி, வாங்கு. நான் தடுக்கவில்லை. ஆனால் கட்டியவரைத் தேடிப்பிடித்து, வரைபடத்திலிருந்து எதையெல்லாம் மாற்றினீர்கள் என்று கேள். தரையிலேயே இருக்கையில் உட்கார்ந்து, பட்டையை இறுக்கிக்கொண்டு, கண்ணை மூடி ஒவ்வொரு கைப்பிடியையும் தொட்டுப் பார். எட்டாதது ஒன்று இருந்தாலும் அதைச் சரிசெய்யாமல் பறக்காதே. அந்த விமானம் தெரிந்த ஒருவரிடம் பல மணி நேரம் படி. தொட்டிகளை நிரப்பிக்கொண்டு போ. முதல் நாள் உயரத்தில் பழகு. தவறு நடந்தால் திருத்திக்கொள்ள உயரம்தான் நேரம் கொடுக்கும்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். மகன் வாங்கிய புதுக் காரோ, இரவல் வண்டியோ, சாவியைத் திருகும் முன் இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். வகுப்பில் கேள்வி கேட்டவர்களை நான் என்றைக்கும் திட்டியதில்லை. இப்போதும் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பத்திரமாகப் பறந்து இறங்கியதும் போட்டோ அனுப்படா.

அன்புடன்,
உங்கள் வரலாறு சார்